அட்டையில் தம்பியின் முகம்

என் பெயர் முருகையன். கடலூருக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். மீன் பிடிக்கிறவன். பத்தாவது வரை படித்ததால் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவனுடைய காப்பீட்டு அட்டையில் இருந்தது அவன் முகம் இல்லை, அவன் தம்பியின் முகம். அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஒரு சிறுநீரகத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். காயம் ஆறிவிட்டது, கோபம் ஆறவில்லை.

2010 ஆவணியில் ஒரு நாள் காலை, வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது இடது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவார்களே, அப்படி உள்ளே யாரோ பிழிந்தார்கள். வாந்தி எடுத்தேன். கூட வந்த மூன்று பேரும் வலையைப் பாதியில் விட்டுவிட்டு என்னைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைய மீன்பாடு அவர்களுக்கும் போயிற்று. ஒருவர்கூட அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை.

கடலூரில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்குப் போகிற மெல்லிய குழாயின் வாயில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. மூத்திரம் இறங்க வழியில்லாமல் இடது சிறுநீரகம் வீங்கிப்போயிருந்தது. கல் வருவது எங்கள் பக்கம் புதுசில்லை. நாலு பேர் போகிற போட்டில் ஒரே ஒரு கேன் தண்ணீர்தான் ஏற்றுவோம், அதுவும் பாதி திரும்பி வரும். உச்சி வெயிலில் வேலை ஓடும்போது யாருக்குத் தண்ணீர் ஞாபகம் வரும்?

புதுசாக வந்த சேதி வேறு. என் வலது சிறுநீரகம் பிறவியிலேயே சுருங்கியதாம். முப்பத்தெட்டு வருடம் ஒற்றைச் சிறுநீரகத்தில்தான் ஓட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். இரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்றைப் பார்த்தார்கள். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. அது இரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் சோர்ந்துபோகிறது என்று அர்த்தம். எனக்கு ஏறியிருந்தது. கல்லைச் சீக்கிரம் எடுக்காவிட்டால் இருக்கிற ஒன்றும் கெட்டுப்போகும், அப்புறம் ஆயுசு முழுக்க வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அதற்குப் பெயர் டயாலிசிஸ். அப்படிப் படுத்துக் கிடப்பவனை எந்தப் போட்டில் ஏற்றுவார்கள்?

சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள், அரசு காப்பீட்டு அட்டை இருந்தால் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. போன வருடம் ஊரில் கேம்ப் போட்டு எல்லோருக்கும் கொடுத்த அட்டை. பிளாஸ்டிக் உறையோடு அப்படியே பீரோவில் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மனைவி மல்லிகாவோடு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியபோது மல்லிகா மெதுவாக ஒன்று சொன்னாள். அட்டைக்குப் படம் எடுத்த அன்றைக்கு நான் கடலில் இருந்தேன் அல்லவா, அதனால் எனக்குப் பதிலாகத் தம்பி தங்கராசு நின்றான் என்றாள். அட்டையை எடுத்துப் பார்த்தேன். தபால்தலை அளவில் குடும்பப் படம். மல்லிகா, இரண்டு பிள்ளைகள், நடுவில் என் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு தங்கராசு. ஒரு வருடமாக வீட்டில் இருந்த அட்டை. நான் ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை, மனு எழுதுகிற பெரிய மனுஷன்.

அங்கேயே கத்தினேன். புதுச்சத்திரம் வரைக்கும் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு கால்மணி நேரத்தை என்னால் திரும்ப வாங்க முடிந்தால் வாங்கிவிடுவேன்.

ஏனென்றால் தப்பு அவளுடையது இல்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்துபோன பிறகு எங்கள் தெருவுக்கு நிவாரணம் கொடுத்தார்கள். வரிசையில் குடும்பத் தலைவர் நிற்க வேண்டும். பாதித் தலைவர்கள் ஆஸ்பத்திரியில், சிலர் பிணம் தேடிக்கொண்டு. ஆள் இல்லாத வீட்டுப் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள். அழுது கேட்டபோது அங்கிருந்தவர்களே, யாராவது ஒருத்தர் வந்து நில்லுங்கள், கணக்கு முடியட்டும் என்றார்கள். அண்ணனுக்குத் தம்பி நின்றான், மாமனுக்கு மச்சான் நின்றான். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அது பழக்கம். கரையில் இருக்கிறவன் கடலில் இருக்கிறவனுக்காக நிற்பான். அதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததே கிடையாது. கேம்ப் வந்த அன்றைக்குத் தங்கராசு திருக்கை மீன் முள் குத்திய காலோடு வீட்டில் இருந்தான். முதலில் தன் குடும்பத்தோடு நின்று வலது கட்டைவிரலை வைத்தான். அப்புறம் சட்டையை மாற்றிக்கொண்டு என் குடும்பத்தோடு நின்று இடது கட்டைவிரலை வைத்தான். எங்கள் ஜனம் கடலுக்குப் போகிற நேரம் பார்த்துக் காலையில் கேம்ப் போட்டவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் நுழைந்தவுடன் இடது கைப்பக்கம் காப்பீட்டுக் கவுண்டர். டை கட்டிய ஒரு இளைஞர், ஒரு கம்ப்யூட்டர், விரல் வைக்கிற சின்ன மெஷின். விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மல்லிகாவைப் பார்த்தார்.

"இது நீங்க இல்லியே."

நடந்ததை நடந்தபடி சொன்னேன். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை இரண்டையும் காட்டினேன். இரண்டிலும் என் முகம், என் பெயர். அவர் யாருக்கோ போன் போட்டார், இங்கிலீஷில் பேசினார், வைத்தார். ஆள் அடையாளம் பொருந்தவில்லை, கம்பெனி அனுமதி தராது என்றார். ரேஷன் கார்டைப் பார்த்தாவது நம்பக்கூடாதா என்று கேட்டேன். எங்களுக்கு மெஷின் சொல்வதுதான் என்றார். கொஞ்சம் குரலை இறக்கி, ஆள்மாறாட்டம் என்று கேஸ்கூடப் போடுவார்கள் என்றும் சொன்னார். நான் முருகையன்தான் என்பதைத் தவிர நான் அங்கே எந்தக் குற்றமும் செய்யவில்லை.

டாக்டர் ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார். ஸ்கேனைப் பார்த்தவுடன் அவர் அனுமதி கேட்டுக் கவுண்டருக்கு ஆள் அனுப்பவில்லை. முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, தோல் வழியாக வீங்கிய சிறுநீரகத்துக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டார். தேங்கிய மூத்திரம் அந்தக் குழாய் வழியாக வெளியே ஒரு பையில் இறங்கும். கல்லை எடுக்கும்வரை சிறுநீரகம் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று செய்கிற தற்காலிக ஏற்பாடு அது. கல்லை எடுக்கிற பெரிய ஆபரேஷனுக்கு மட்டும் அனுமதி வந்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் சொல்லிவிட்டது. அட்டை சமாச்சாரத்தை நான் சொல்ல ஆரம்பித்தபோது அவர் கையமர்த்தினார்.

"எனக்கு முகம் வேணாம்ப்பா. கிட்னிதான் வேணும். சீக்கிரமா அனுமதி வாங்கு."

அப்புறம் காத்திருப்பு. முதுகில் குழாய், இடுப்பில் பை. வார்டுக்கு வெளியே நீளமான இரும்பு பெஞ்ச். அதில் என் மாதிரி அனுமதிக்காகக் காத்திருக்கிறவர்கள் தினமும் உட்காருவார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு அட்டையில் எல்லாம் சரி, ஆனால் அவருடைய வியாதி பட்டியலில் இல்லை. பட்டியல் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அங்கே வந்துதான் தெரிந்தது, எனக்கும்தான். இலவச வைத்தியம் என்று மைக்கில் கத்தியவர்கள் யாரும் பட்டியலைப் பற்றிக் கத்தவில்லை. அவர் அட்டையைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

மல்லிகா கடலூருக்குப் போய் மனு கொடுத்தாள். எழுதியது நான்தான், படுத்துக்கொண்டே. படத்தை மாற்றித் தரச் சொல்லி. ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அங்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருத்தமெல்லாம் மொத்தமாகத்தான் போகும், இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். என் மனைவி அந்த மேஜைக்கு முன்னால் நின்று, அவருக்கு முதுகில் குழாய் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். எல்லாருக்கும் ஏதாவது இருக்கத்தான் செய்யும்மா என்றாராம் அந்த மனுஷர்.

அவள் காலையில் கஞ்சி வைத்து, தூக்கில் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து வந்து எனக்குக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போய் அலுவலகத்தில் நின்றாள். பஸ்ஸில் நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கஞ்சியோடு எனக்குப் பிடித்த சுட்ட நெத்திலிக் கருவாடு இருக்கும். உப்பு ஜாஸ்தி கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அதற்குப் பதில் துவையல் வந்தது.

ஆறாவது நாள் குளிர்காய்ச்சல் வந்தது. குழாயில் வந்த மூத்திரம் கலங்கலாக இருந்தது. கிருமி சேர்ந்துவிட்டது என்று மருந்தை மாற்றினார்கள். கல் உள்ளே இருக்கிறவரை இது திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வரும் என்றார் டாக்டர். இரண்டு மாதம் தாங்குமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு, தாங்காது என்றார்.

அன்று சாயங்காலம் என்னைப் பார்க்க வந்திருந்த தங்கராசுவைக் கவுண்டர் இளைஞர் வெளியே கூப்பிட்டுப் பேசினார். தம்பி திரும்பி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணா, நான் படுக்கணுமாம். கட்டில்ல நான் படுத்து ஒரு போட்டோ, என் வெரலு. அத அனுப்புனா நாளைக்கே அனுமதி வந்துருமாம். ஆபரேஷன் உனக்குப் பண்ணிக்கலாமாம்."

எனக்கு நடுக்கமே நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் சிவப்பு விளக்கு, பொய் சொன்னால் பச்சை விளக்கு. நோயாளி நான் வந்து நிற்கிறேன், என்னைக் கம்பெனிக்குத் தெரியாது. நோயே இல்லாத என் தம்பியைத் தெரியும். நான் முடியாது என்றேன். நான் இருக்கும்போதே நான் இல்லை என்று கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களா என்று கத்தினேன். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார். பதில் சொன்னது மல்லிகா. எப்போதும் வாங்க போங்க என்று சொல்கிறவள் அன்றைக்குச் சொல்லவில்லை.

"உன் ரோசத்த வச்சிக்கினு மூத்தரம் போவ முடியாது. எழுந்துரு. அவரு படுக்கட்டும்."

எழுந்தேன். பையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய் அந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு வழியாகத் தெரிந்தது. என் கட்டிலில் என் போர்வையைப் போர்த்திக்கொண்டு தம்பி படுத்திருந்தான். நோயாளி மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தான், அவனுக்கு வரவில்லை. பயந்த முகம்தான் வந்தது. இளைஞர் படம் எடுத்தார். இடது கட்டைவிரலை வைத்தான். ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. மறுநாள் மத்தியானத்துக்குள் அனுமதி வந்துவிட்டது.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முதுகில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாகக் குழாய் விட்டு, கல்லை உடைத்து, துண்டு துண்டாக வெளியே எடுத்தார்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். கிளிஞ்சல் பொடி மாதிரி இருந்தது. இதற்காகவா என்றிருந்தது. மூன்றாம் நாள் கிரியாட்டினின் இறங்கியது. டாக்டர் சிரித்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

அந்த இளைஞரும் கெட்டவர் இல்லை. பண்ருட்டிப் பக்கம் ஊர். வீட்டுக்குப் போகிற அன்று காலை கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, இது எப்படி நடக்கிறது என்று அவர்தான் விளக்கினார். அரசாங்கம் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் கம்பெனிக்கு வருடா வருடம் பிரீமியம் கட்டுகிறது. நமக்கு நோய் வந்தாலும் வராவிட்டாலும் அது போய்விடும். நோய் வந்தால், பட்டியலில் இருக்கிற நோய்க்கு, பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு, முன்கூட்டியே பேசிவைத்த தொகையைக் கம்பெனி கொடுக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டும். அட்மிட் ஆகிறதுக்கு முன்னால் வெளியே எடுத்த ஸ்கேன் நம் தலையில். அனுமதி மறுத்தால் கம்பெனிக்கு மிச்சம். இவ்வளவுதான். இதைச் சொல்ல அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. கேம்ப் போட்ட அன்றைக்கு இதை ஒருத்தர் மைக்கில் சொல்லியிருந்தால் நான் அட்டையை எடுத்துப் பார்த்திருப்பேன். இலவசம் என்று சொன்னார்கள், சும்மா வருகிறதை யார் சோதித்துப் பார்ப்பார்கள்? அது சும்மா வரவில்லை. நான் வாங்குகிற டீசலிலும் சோப்பிலும் கட்டுகிற வரியிலிருந்துதான் அந்தப் பிரீமியம் போகிறது.

டீ குடித்து முடித்ததும் அவர் சங்கடத்தோடு இன்னொன்று சொன்னார். டிஸ்சார்ஜ் ஆகும்போது கம்பெனிக்கு மறுபடி படம் அனுப்ப வேண்டும், ஆபரேஷன் ஆன ஆளின் முகமும் காயமும் வேண்டும். தங்கராசு வந்து கட்டிலில் உட்கார்ந்தான், முகத்தை எடுத்தார். பிறகு நான் சட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன், முதுகை எடுத்தார். தலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தங்கராசுவே அவரிடம் சொன்னான். முகம் அவனுடையது, காயம் என்னுடையது, பெயர் மட்டும் முருகையன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் கம்பெனிக்கு ஒரு ஆளானோம்.

2012இல் அந்த அட்டை செல்லாது, புது அட்டை என்றார்கள். கம்பெனி மாறியது, பட்டியல் நீண்டது என்றும் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் கேம்ப் மட்டும் மாறவில்லை. அதே பள்ளிக்கூடம், அதே காலை நேரம். நான் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. முதல் ஆளாகப் போய் நின்று, என் முகத்தோடு என் விரலை வைத்தேன். அட்டை அங்கேயே அச்சாகி வந்தது. எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தேன். நிம்மதியாக வெளியே வந்தால், வாசலில் தங்கராசுவின் மனைவி கவிதா நிற்கிறாள், பிள்ளையோடு. கையில் தம்பியின் நீலச் சட்டை, தேய்த்து மடித்தது.

"மாமா, அவரு வர நேரமாவும். போட் இன்னும் வரல. நீங்க செத்த வந்து நில்லுங்க."

அவளுக்குப் பின்னால் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு கொழுந்தனோ மச்சானோ பக்கத்தில். எல்லாருக்கும் என் கதை தெரியும். தெரிந்தும் வந்து நிற்கிறார்கள், ஏனென்றால் கேம்ப் மத்தியானம் முடிந்துவிடும், அடுத்து எப்போது வருமோ. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஆனால் இந்தத் தடவை நான் எந்தப் பெண்ணிடமும் கத்தவில்லை. சட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். மெஷின் வைத்துக் கொண்டுவந்த இரும்புப் பெட்டி சுவரோரமாகக் காலியாக இருந்தது. அதன்மேல் உட்கார்ந்தேன்.

படம் எடுக்கிறவர் எழுந்திருக்கச் சொன்னார். போட் எல்லாம் ஒரு மணிக்கு வரும், அதுவரை இருக்க வேண்டும் என்றேன். அவருக்கு அடுத்த ஊரில் கேம்ப் இருக்கிறதாம். இருக்கட்டும், இந்தப் பெட்டி இல்லாமல் எப்படிப் போவீர்கள் என்றேன். மேலதிகாரிக்குப் போன் போடுவேன் என்றார். போடுங்கள், நானும் பேசுகிறேன் என்று சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினேன். என்ன என்று கேட்டார். முழுக்கதையும் சொன்னேன். அவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். மல்லிகா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒன்றரைக்குப் போட்டுகள் வந்தன. ஆண்கள் மீனைக் கரையில் போட்டுவிட்டு ஈரக் கைலியோடு ஓடிவந்தார்கள். தங்கராசு பெஞ்சில் உட்கார்ந்தான், பக்கத்தில் கவிதா, மடியில் பிள்ளை. மெஷின் விரலை எடுக்கவில்லை. கயிறு இழுத்துத் தேய்ந்த விரல், அதில் மீன் செதில் வேறு. சோப்புப் போட்டுக் கழுவி வந்து வைத்தான், மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டது. நான் அவன் தோளில் நீலச் சட்டையைப் போட்டு, பொத்தானைப் போட்டுவிட்டு, அப்படியே பின்னால் நின்றிருந்தேன். படம் எடுக்கிறவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நீங்க யாரு?"

"அண்ணன்."

"இவுரு கார்டுல நீங்க இல்லியே. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன்.